பன்னிரண்டாவது தோட்டா

இரும்புத் தட்டில் குண்டு பட்டால், பித்தளைக் குடத்துக்குள் கல் விழுந்ததுபோல் ஒரு 'ணங்'. பல வருஷங்களுக்கு முன் ஒரு மைதானத்தில் அந்தச் சத்தம் பத்து முறை கேட்டது. அந்தப் பத்தின் கதை இது.

ஒரு மாவட்ட ஆயுதப்படையின் பெண்கள் பிஸ்டல் அணி மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்து, எல்லோரையும் பந்தோபஸ்துக்கு அனுப்புவதாக உத்தரவு வந்தது.

அவர்களிடம் இருந்தது சின்ன பிஸ்டல். அதன் மேகசினில், அதாவது தோட்டா நிரப்பிச் சொருகும் கூட்டில், எட்டுத் தோட்டாக்கள்தான் கொள்ளும். சாய்க்க வேண்டியதோ பத்துத் தட்டு. நடுவில் மேகசின் மாற்றுவதற்குள் எதிராளி முடித்துவிடுவார். அணியின் இன்ஸ்பெக்டர் மீனலோசனி ஒன்றரை வருஷம் கடிதம் எழுதி, அதே பிஸ்டலுக்குப் பொருந்தும் நீள மேகசினை வரவழைத்தார். அதில் பன்னிரண்டு கொள்ளும். அதே சின்ன பிஸ்டல் வைத்திருந்த மற்ற மாவட்டங்களும் அதையே வாங்கின.

ஆயுதக்கிடங்கு ஏட்டு லூர்துமேரி ஒரு மாதம் அதைச் சொருகிக் கழற்றிப் பார்த்தார். பன்னிரண்டும் நிரப்பினால் உள்ளே சுருள்கம்பி அசைய இடமில்லை. அவசரமாகச் சொருகும்போது சில தடவை பூட்டு விழாமல் நழுவியது. பதினொன்றோடு ஒருமுறைகூட நழுவவில்லை.

"ஒண்ணு கொறச்சே போடுவோம் மேடம்."

"பன்னெண்டுக்காகத்தானே இவ்வளவு லெட்டர் எழுதினேன்? ரெண்டு குண்டு தவறினாலும் பரவாயில்லன்னு இருந்தாத்தான் பேச்சிக்குக் கை நடுங்காது. முழுசா போடுங்க. இது ஆர்டர்."

இறுதிப் போட்டி. ஆண் அணி, பெண் அணி என்ற பிரிவு அதில் இல்லை. சுடப்போகிறவர் காவலர் பேச்சியம்மாள். பக்கத்துத் தடத்தில் வேறொரு மாவட்டத்து எஸ்.ஐ. வெயிலுமுத்து.

"என்ன பேச்சி, பந்தோபஸ்துக்குக் குடை வாங்கிட்டியா? வெயிலு கொளுத்துதே."

"வாங்கலண்ணே. கோப்பையத்தான் தலையில கவுத்துக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

விசில் ஊதிய பிறகுதான் மேகசினைச் சொருகலாம் என்பது விதி. பேச்சியம்மாள் மேசையிலிருந்த தன் மேகசினைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே எத்தனை இருக்கிறது என்று காட்ட, அதன் பக்கவாட்டில் எண் போட்ட துளைகள் உண்டு. பன்னிரண்டாம் துளை காலி. அருகில் பெட்டி நிறைய உதிரித் தோட்டா. விசிலுக்கு இன்னும் அரை நிமிஷம். திரும்பி, தூரத்தில் நின்ற லூர்துமேரியைப் பார்த்தார். பெட்டியைத் தொடாமல் மேகசினைக் கீழே வைத்தார்.

விசில். வெயிலுமுத்து சொருகி, பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்தார். பன்னிரண்டு தோட்டாவோடு அவர் மேகசின் மண்ணில் விழுந்தது. அவர் குனிந்து எடுப்பதற்குள் பேச்சியம்மாள் ஆறு தட்டைச் சாய்த்திருந்தார். ஏழாவதில் ஒரு குண்டு தவறியது. அடுத்த குண்டில் ஏழாவது விழுந்தது, பிறகு எட்டாவது, ஒன்பதாவது. கடைசித் தோட்டாவுக்குப் பத்தாவது தட்டும் சாய்ந்தது. மைதானம் எழுந்து நின்றது. அணி பிழைத்தது.

கோப்பை அணிக்கு. ஆனால் வெற்றிப் பலகையில் ஒரு பெயர்தான் எழுதுவார்கள்.

"ஆர்டரை மீறிட்டேன் மேடம்," என்றார் லூர்துமேரி. "பதினொண்ணுதான் வச்சேன். பேச்சிகிட்டயும் சொல்லல."

"பார்த்தேங்க்கா," என்றார் பேச்சியம்மாள்.

மீனலோசனி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "மெமோ நாளைக்கு. இன்னைக்கு ஒரு பேரைச் சொல்லுங்க."

மேகசினைக் கொண்டுவந்தவர் ஒருவர், ஆணையை மீறி ஒன்றைக் குறைத்தவர் ஒருவர், குறைந்ததைப் பார்த்தும் நிரப்பாதவர் ஒருவர். பலகையில் எழுதவேண்டியது யார் பெயர்?

விடை: பேச்சியம்மாள். மீனலோசனி இல்லாவிட்டால் மேகசினே இல்லை. ஆனால் அவர் ஆணைப்படி நடந்திருந்தால் அதுவும் மண்ணில் விழுந்திருக்கலாம். லூர்துமேரி ஒரு மாதம் சோதித்து, தெரிந்து செய்தார். பேச்சியம்மாளுக்கு எதுவும் தெரியாது. தோற்றால் பழி தன்மேல் என்பது மட்டும் தெரியும். தோட்டா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இதை நிரப்பிய கை எண்ணத் தவறாது என்று நம்பினார். தெரிந்து செய்வதைவிட, தெரியாமல் ஒருவரை நம்பி நிற்பது கடினம்.

பலகையில் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். லூர்துமேரி இரண்டு வருஷம் கழித்து, ஏட்டாகவே ஓய்வு பெற்றார்.