முடிவைச் சொன்னது யார்?

புளியந்தொழுவில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. வட்டம் என்று பேர் வைத்துவிட்டதால் வட்டமாகத்தான் உட்காருவார்கள். இருப்பது மூன்று பேர். எப்படி உட்கார்ந்தாலும் முக்கோணமாகிவிடும். பாதி நேரம் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். தலைவர் செங்கோடன். உறுப்பினர்கள் நாச்சிமுத்துவும் பாவாத்தாளும்.

ஒருநாள் நூலகத்து அம்மா அவர்களுக்கு ஒரு நாவலைச் சிபாரிசு செய்தார். சந்தை சந்தையாகப் போய் உப்பு விற்றுக்கொண்டே கதை சொல்லும் ஒருத்தியைப் பற்றியது.

"ஆரம்பிச்சீங்கன்னா கதைக்குள்ள மூழ்கிடுவீங்க. ஆனா முடிவை மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றார்.

மூவருக்கும் நீச்சல் தெரியாது. வெகுநேரம் யோசித்து, படிக்கப்போகும் நாச்சிமுத்துவின் இடுப்பில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவன் சத்தமாகப் படித்தான். உப்புக்காரி பரிசலில் ஏறும் இடத்தில் அவன் குரல் கம்மியது. உடனே இழுத்துவிட்டார்கள். புத்தகத்தோடு மல்லாக்க விழுந்தவன் எழுந்து, நல்ல நேரத்தில் இழுத்தீர்கள் என்று கும்பிட்டான். கழுத்து வரைக்கும் வந்துவிட்டதாம்.

கதை அப்படி. உப்புக்காரிக்குச் சின்ன வயதில் தொலைந்துபோன தங்கை ஒருத்தி. இருவரும் சேர்ந்து கட்டிய கதை ஒன்றின் பாதியை அவள் ஒவ்வொரு சந்தையிலும் சொல்வாள். மீதிப் பாதி தங்கைக்கு மட்டுமே தெரியும். கடைசிச் சந்தையில், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வாயைத் திறக்கிறாள்.

நாச்சிமுத்து பக்கத்தைப் புரட்டினான். மனசுக்குள்ளேயே படித்தான். மூக்கை உறிஞ்சினான். புத்தகத்தை மூடிவிட்டான்.

"அப்பறம்?" என்றாள் பாவாத்தாள்.

"சொல்லக் கூடாதுங்க்கா."

அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை. தலையையாவது ஆட்டு என்று கெஞ்சினாள். தலையாட்டுவதும் சொல்வதுதான் என்றான் அவன். சரி, நானே படித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டியபோது செங்கோடன் தடுத்தார்.

"நீ படிச்சா, புத்தகம் உனக்கு முடிவைச் சொன்னதா ஆயிரும். பாவம், அதுக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு?"

நியாயம்தானே என்று அவளுக்கும் பட்டது. புத்தகம் வாய் தவறிவிடக் கூடாதே என்று கடைசிப் பக்கங்களை மைதாப் பசை தடவி ஒட்டியதும் அவள்தான்.

இவ்வளவு நல்ல நாவலை மற்ற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை டவுனில் நடந்த வாசகர் கூட்டத்துக்கு மூவரும் போனார்கள்; செங்கோடன் பேசினார். உப்புக்காரியைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. கடைசி வரிசையிலிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் கண் கலங்க வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, அந்த நாவலை எழுதியதே தான்தான் என்றார்.

"கடைசியில அந்தத் தங்கச்சி..." என்று அவர் ஆரம்பித்ததும், பாவாத்தாள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

செங்கோடன் மெதுவாக நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"முடிவு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். இவர்கிட்ட எப்படா சொன்னே?"

இந்த மனுசனை முன்னேபின்னே பார்த்ததே இல்லை என்று நாச்சிமுத்து சாமி மேல் சத்தியம் செய்தான். பொத்திய கைக்குள்ளிருந்து எழுத்தாளரும், யாரும் சொல்லவில்லை, தானே யோசித்ததுதான் என்று முனகினார்.

செங்கோடனுக்கு வியப்புத் தாங்கவில்லை. எழுத்தாளரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருஞ் சொல்லாமயே கண்டுபுடிச்சிருக்கீங்க. இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டு, நீங்களும் ஒரு நாவல் எழுதிப் பாக்கலாமில்லீங்க?"