இலையில் உப்பு வைக்காத பந்தி

ஈச்சங்காட்டு மடத்து அடுப்படியில் இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் மூச்சு விட வெளியேதான் போக வேண்டும். மடத்தை உண்டாக்கிய பெரிய சாமி, தனக்கும் கூட இருந்த இரண்டொரு பேருக்கும் கஞ்சி காய்ச்சக் கட்டிய இடம் அது. தன்னுடைய குருபூசைக்கு ஊரே திரண்டு வந்து உட்காரும் என்று அந்த மனிதர் கண்டாரா என்ன?

குருபூசை ஐப்பசிக் கடைசியில் வரும். மழை இறங்கி, உப்பளங்களில் வேலை நின்றுபோகும் சமயம். சுற்றுவட்டாரத்து அளத்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மடத்தில் சாப்பிட்டுப் போவார்கள். தீபாவளி, பொங்கல் எல்லாம் அவர்களுக்கு அந்தச் சாப்பாடுதான். அதற்கப்புறம் தை பிறந்து பாத்தி கட்டும்வரை வீட்டில் கஞ்சித் தண்ணீர்தான்.

அடுப்படி சின்னது என்பதால் சமையலும் சுருக்கம். ஒரு அடுப்பில் சோறு, இன்னொன்றில் சாம்பார். கத்தரி, பூசணி, முருங்கை என்று வந்த காய் எல்லாம் அந்த ஒரே அண்டாவுக்குள் போகும். பாயசத்தை வெளியே கல் கூட்டிக் காய்ச்சிக்கொள்வார்கள். கூட்டு, பொரியல், ரசம் என்று ஆசைப்பட அங்கே இடம் கிடையாது. சாம்பார் வாய்த்தால் விருந்து வாய்த்தது.

மடத்தில் இரண்டு வழக்கம் உண்டு. பெரிய சாமிக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. இது எங்கும் உள்ளதுதான். இன்னொன்று எங்கும் இல்லாதது. குருபூசைப் பந்தியில் இலையில் உப்பு வைக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ ஒரு அளத்துக்காரி, "வருஷம் பூரா அதுலதான் கெடக்கோம். இன்னைக்கு ஒரு நாளு அதைக் கண்ணுல காட்டாதீங்க சாமி" என்றாளாம். அன்றோடு உப்பு வைப்பது நின்றது.

சமையல் ரொம்ப காலமாகப் பலவேசத்தின் கையில் இருந்தது. அவனும் அளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான். பெற்றவர்கள் போனபிறகு அக்கா சந்தனமாரிதான் உப்பு வாரி அவனை ஆளாக்கினாள். மீசை முளைக்கும் வயதில் மடத்துக்கு வந்தவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ருசி பார்க்காமலே சமைத்துச் சமைத்து, நாக்கு செய்யும் வேலையை அவன் மூக்கு செய்யப் பழகியிருந்தது. உப்பு போட்ட குழம்புக்கு ஒரு வாசம், போடாத குழம்புக்கு ஒரு வாசம் என்பான்.

இந்த வருஷம், இப்போது மடத்தை நடத்தும் சாமி கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு, "குருபூசைச் சமையலை நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். கோமதிநாயகம் சங்கரன்கோவில் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனைவி இறந்த துக்கத்தில் மடத்துக்கு வந்தவர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பலவேசம் நேரே சாமி முன்னால் போய் நின்றான்.

"என்கிட்ட என்ன குறை கண்டீங்க சாமி?"

"குறை ஒண்ணும் இல்லையே."

"அப்ப கரண்டி ஏன் கை மாறுது?"

"உங்க அக்கா வருவா இல்ல?" என்று கேட்டார் சாமி.

"வராம இருப்பாளா? அவ வாறதே என் சமையலுக்குத்தான சாமி."

"இந்த வருஷம் நீ பந்தியில உக்காந்து சாப்பிடு."

"பந்தியிலயா? நான் என்ன விருந்தாளியா?"

"ஒரு தடவை உக்காரேன்."

வயசானவர்களை 'நீங்க சும்மா உக்காருங்க' என்று சொல்லித்தானே வீடுகளில் ஓரங்கட்டுகிறார்கள்? பலவேசத்துக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. நேற்று வந்தவன் அடுப்படியில், நான் இலை முன்னாலா என்று வயிறு எரிந்தது.

"கூடமாட ஒத்தாசைக்காவது நிக்கேன் சாமி."

"உன் இஷ்டம்" என்றார் சாமி.

குருபூசை அன்று இருவரும் அந்த அடுப்படிக்குள் முதுகும் முதுகும் உரச நின்றார்கள். கோமதிநாயகத்துக்கு அப்படி ஒரு இடத்தில் வேலை செய்து பழக்கம் இல்லை. திரும்பினால் சுவர், குனிந்தால் விறகு. பலவேசம் நகர்ந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"தம்பி, நீங்க பக்கத்துல நிக்கது எனக்குத் தைரியமா இருக்கு" என்றார் கோமதிநாயகம். "ருசி பாக்காம சமைச்சு எனக்குப் பழக்கமில்லை. நான் எதையாவது விட்டுட்டா ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் கல்லுப்பை ஒரு பித்தளைச் சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் அடியில் தங்கட்டும் என்று சுவர் மாடத்தில் வைத்திருந்தார். சாம்பார் கொதித்தது. காய் வெந்தது. அவர் மாடத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, சோறு குழையப் போகுது. ஒரு கை பிடிங்க."

பலவேசம் பொய் சொல்லவில்லை. சோறு பதத்துக்கு வந்திருந்தது. இருவரும் சோற்றுப் பானையைத் தூக்கி, கஞ்சி வடித்து, திரும்ப வைத்தார்கள். அடுப்படி முழுக்க ஆவி. கோமதிநாயகம் துண்டால் கண்ணைத் துடைத்தார், சாம்பாரைக் கிளறினார், தாளித்துக் கொட்டினார், மல்லித்தழை தூவினார்.

உப்புச் சட்டி மாடத்திலேயே இருந்தது.

முதலில் பலவேசத்தின் மூக்குக்குத்தான் தெரிந்தது. பிறகு கண் மாடத்துக்குப் போனது. வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான். சமையல் அவர் பொறுப்பு, நாம் ஏன் இதில் மூக்கை நுழைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரே என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று முனகியது. அதைக் காதில் வாங்கவில்லை.

பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. உப்புத் தண்ணீரில் புகைக்கரி விழுந்துவிடக் கூடாதே என்று அதை எடுத்துச் சட்டியை மூடினான். அதற்குத்தான் மூடினான் என்று அவன் நம்பவும் செய்தான்.

பெரிய சாமிக்குப் படையல் ஆனது. பந்தி உட்கார்ந்தது.

சாமி தானே சோறு போட்டார். கோமதிநாயகம் வாளியோடு பின்னால் போனார். பலவேசம் அடுப்படி வாசலில் நின்று பார்த்தான். முதல் வாய்க்கே யாராவது கத்துவார்கள், இன்றோடு அண்ணாச்சியின் கதை முடிந்தது என்று காத்திருந்தான்.

யாரும் கத்தவில்லை.

சாப்பிட உட்காரும்போது இருந்த சிரிப்பும் பேச்சும் மெல்ல அடங்கின, அவ்வளவுதான். ஒரு குழந்தை முகத்தைச் சுளித்து அம்மாவைப் பார்த்தது. அவள் கண்ணாலேயே அதட்டி அடுத்த உருண்டையை ஊட்டினாள். சாமி சாப்பாட்டில் குறை சொல்லலாமா? எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்கள். மறுசாம்பார் யாரும் கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் சந்தனமாரி இருந்தாள். அவளுக்குப் பக்கத்து இலையில் சோறும் சாம்பாரும் இருந்தன, ஆள் இல்லை. யாரோ கை கழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பந்தி முடிந்ததும் அக்கா தூக்குவாளியோடு அடுப்படிப் பின்வாசலுக்கு வந்தாள்.

"ஏ தம்பி, மேலுக்குச் சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்கேன்."

"மூஞ்சி வாடிக் கெடக்கே. எதையும் மனசுல போட்டுக்கிடாதே. யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒருத்தி வாயத் தொறந்தா. என் தம்பி சமையலு, பேசாம தின்னுன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, இன்னைக்குச் சமையல் நான் இல்லை."

அவள் சிரித்தாள். "சின்னப் பிள்ளையில பானைய ஒடைச்சிட்டும் இப்படித்தான் சொல்லுவே. என்கிட்ட என்னடா?"

"நெசமாத்தான்க்கா."

"சரிடா, சரி." அவள் நம்பவில்லை என்பது அந்தச் சரியிலேயே தெரிந்தது. "பந்திக்கு ஏன் வரலை? சாமி போன மாசமே சொன்னாவளே, இந்தத் தடவை உன் தம்பி உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான்னு. வருஷா வருஷம் நான் வந்து உக்காருவேன், நீ அடுப்பு முன்னால நிப்பே. ஒண்ணா உக்காந்து தின்னு எவ்வளவு காலமாச்சு? அதான் ஒருத்தரையும் உக்கார விடாம இலையப் பிடிச்சு வச்சிருந்தேன்."

பலவேசம் பந்தி நடந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வேலை கெடந்திருக்கும். இருக்கட்டும். அந்த இலைச் சோத்தப் பேரனுக்கு வாரிக்கிட்டேன்." தூக்குவாளியைத் தூக்கிக் காட்டினாள். உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். உப்பு தின்ற அவள் பாதங்கள் சேற்றில் மெதுவாகப் போயின. கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் திருப்பத்தில் மறையும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போனபிறகுதான் மடத்துக்காரர்கள் சாப்பிடுவார்கள். சாமி அடுப்படிக்கு வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"சாம்பார் இவ்வளவு கெடக்கே. குருபூசைக்கு மிஞ்சினதே இல்லையே."

"எனக்கும் புரியலை சாமி" என்றார் கோமதிநாயகம். "கூட வச்சிட்டேனோ?"

காலையிலிருந்து நுனிநாக்கில் காத்துக்கிடந்த பதில் பலவேசத்தின் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"உப்பு இல்லை சாமி."

கோமதிநாயகம் திடுக்கிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "உப்பைக் கரைச்சு வச்சேனே!" என்று மாடத்துக்குத் தாவி, தட்டைத் தூக்கினார். சட்டி விளிம்பு வரை தெளிந்த உப்புத் தண்ணீர்.

"கண்ணுக்கு முன்னால இருந்திருக்கே! எனக்குப் படலையே! அத்தனை பேரையும் பச்சைத் தண்ணிச் சோறு திங்க வச்சிட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தட்டின்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. "வாசல்ல யாராவது நிக்காங்களான்னு பாக்கேன் சாமி" என்று மழையில் ஓடினார்.

அடுப்படியில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"பலவேசம்."

"சாமி."

"நீ இன்னும் சாப்பிடலையே?"

"இல்லை சாமி."

"உப்பு இல்லைன்னு உங்க அக்கா சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லையே. தம்பி மனசு நோகும் என்று உப்பு என்ற பேச்சையே எடுக்காமல் போய்விட்டாளே.

"இல்லை சாமி."

சாமி கூடத்தில் இரண்டு இலை போட்டார். சோறும் சாம்பாரும் தானே பரிமாறினார். மாடத்திலிருந்த உப்புச் சட்டியை எடுத்துவந்து பலவேசத்தின் இலைக்கு முன்னால் வைத்தார். பிறகு தன் இலைமுன் உட்கார்ந்து, அந்தச் சாம்பாரை அப்படியே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அவர் கை சட்டியின் பக்கம் போகவே இல்லை.

பலவேசம் சோற்றைத் தொட்டான். பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மழைக்குள் போன அந்தத் தூக்குவாளி கண்ணுக்குள் நின்றது. சாமி காலடியில் விழுந்தான்.

"தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன் சாமி. தட்டைப் போட்டு மூடினதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

சாமி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்தார்.

"என்கிட்ட எதுக்குப்பா கேக்கே? எனக்கு நாளைக்கும் சோறு உண்டு."