மருமகளுக்கு வெட்டிய குளம்

ஏனய்யா, கதை கேட்க வந்துவிட்டு அங்கே என்ன பேச்சு? கிட்டே வாருங்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் பாறைநாட்டைச் சொக்கப்பராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார்.

அவர் மகனுக்கு ஆற்றங்கரைச் சீமையிலிருந்து மங்காத்தாளைக் கட்டிவைத்தார்கள். வந்த பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள். ராஜா அவளைக் கூப்பிட்டார்.

"என்ன குறை தாயி?" என்றார்.

"பிறந்ததிலிருந்து குளத்து முகத்தில்தான் விழித்தேன் மாமா. இங்கே ஒரு தவளைச் சத்தம்கூட இல்லையே" என்றாள்.

இவ்வளவுதானே என்று அரண்மனைக்குப் பின்னாலேயே குளம் வெட்டினார். மருமகள் காலில் சேறு படலாமா? அடியிலிருந்து கரைவரை பளபளவென்று கல் பாவினார். சருகு விழுமென்று சுற்றியிருந்த மரங்களையும் வெட்டினார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது, பாவம் மனுஷன்.

தாமரைக் கிழங்கு கொண்டுவந்து போட்டார். அழுகிப்போனது. விரால் மீன் கொண்டுவந்து விட்டார். செத்து மிதந்தது. தவளை கொண்டுவந்து விட்டார். கரையேற வழியில்லாமல் அதுவும் மாண்டது.

ராஜா பயந்துபோனார். "என் கை ராசி இப்படி. உன்னையும் பறிகொடுக்க மாட்டேன் தாயி, அப்பன் வீட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்" என்று பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

மங்காத்தாளுக்கு அவரை விட்டுப் போக மனமில்லை. உச்சிவெயிலில் அவர் கையைப் பிடித்துக் குளத்துக்குக் கூட்டிப்போனாள்.

"தண்ணீரில் காலை வையுங்கள் மாமா."

வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்படிக் கொதித்தது.

"உங்களுக்கே பொறுக்கவில்லை, மீன் என்ன செய்யும்? வேர் பிடிக்கச் சேறு வேண்டாமா? ஒதுங்க நிழல் வேண்டாமா? தவளை ஏறிவரச் சரிவான கரை வேண்டாமா?"

ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் கல்லைத் தானே பெயர்த்தார். வண்டி வண்டியாக வண்டல் வந்தது. கரையைச் சரித்து மருதங்கன்று நட்டார்கள்.

அடுத்த மழைக்கு, மறுபடி போட்ட தாமரை வேர் பிடித்தது. இலை விரிந்து தண்ணீரைக் குளிர்வித்தது. குளிர்ச்சியில் புதிதாக விட்ட மீன் பெருகியது. ஒரு நாள் சாயங்காலம் தவளையும் கத்தியது.

அன்றைக்கு மங்காத்தாள் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறிய ராஜாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

ஆகையால் மக்களே, உயிரைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது, அது வாழ்வதற்கான மண்ணும் நீரும் வெயிலும் நிழலும் அதனோடு ஒத்துப்போக வேண்டும்.