மாரப்பன் சொன்ன காற்று

கூதல்மலைக்கு, உச்சிச் சாமியைக் கும்பிட, மாசியில்தான் ஆட்கள் ஏறுவார்கள். மழைக்காலத்தில் அட்டை, கோடையில் காட்டுத்தீ. நடுவே இந்த ஒரு மாதம்தான் மலை மனிதரை விடும். அதையும் நம்பிவிட முடியாது. விடிகாலையில் பாறையெல்லாம் உறைபனி, கால் வைத்தால் வழுக்கும். வெயில் ஏறினால் சட்டையைக் கழற்றச் சொல்லும். அந்த வேர்வை காய்வதற்குள் கிழக்கேயிருந்து காற்று எழும்பினால் பல் தந்தியடிக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது.

அதனால் பாதி மலையில், மரம் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், ஒரு குடில். அதில் வானம் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள். ஏறுகிறவர்கள் அங்கே நின்று, "மேலே எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார்கள். "போலாம்" என்றால் போவார்கள். "நில்லுங்க" என்றால் ராத்திரி குடிலில் தங்கிவிடுவார்கள். அந்தச் சொல்லை யாரும் மீறுவதில்லை.

அந்த வருஷம் குடிலில் இருந்தவர் மாரப்பன். அறுபது தாண்டியவர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போன பிறகு அடிவாரத்துப் பாவாத்தா அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மைக்கு நாற்பது வயசுதான் இருக்கும். குரு சீடரை "அண்ணா" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு ஒன்றுமில்லை.

"எனக்குத் தனிமை வேணுங்கம்மா. மனுச சத்தமே ஆகல" என்று ஒருநாள் மாரப்பன் கேட்டார்.

"போன வருசம் பழைய காவலர்கூட இருந்து வானம் பாக்கக் கத்துக்கிட்டீங்கல்ல. அந்தக் குடில் இப்ப காலியாத்தான் கெடக்குது. இருந்து பாருங்கண்ணா" என்றார் அம்மை.

முதல் சில நாள் சொர்க்கம். அப்புறம், சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தனிமை ஆளைத் தின்றுவிட்டது. வருகிறவர்கள் கேட்பார்கள், இவர் "போலாம்" என்பார், போய்விடுவார்கள். திரும்பும்போது வீட்டு நினைப்பில் கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்குவார்கள். மாரப்பன் அடுப்போடு பேச ஆரம்பித்தார்.

ஒருநாள் நிஜமாகவே மூடுபனி. "நில்லுங்க" என்றார். ஒரு கூட்டம் தங்கியது. கூழ் காய்ச்சி ஊற்றினார். ஒருவர் பாடினார், ஒருவர் இவரைப் "பெரியப்பா" என்று கூப்பிட்டார். காலையில் போய்விட்டார்கள். அவர்கள் படுத்திருந்த இடத்தைக் கூட்டாமல் அப்படியே விட்டுவைத்திருந்தார், பாவம்.

அடுத்த கூட்டம் வந்த அன்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"மேலே எப்படிங்க?"

மாரப்பன் உச்சியைப் பார்த்தார். "காத்துங்க. நில்லுங்க" என்றார். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அப்படி நின்றவர்களில் நாச்சிமுத்து ஒருவர். மில் தொழிலாளி. மகனுக்குக் காய்ச்சல் தெளிந்தால் உச்சிச் சாமிக்கு விளக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டவர், காய்ச்சலும் தெளிந்துவிட்டது. வாரத்துக்குக் கிடைக்கிற ஒருநாள் லீவில் வருவார். "நில்லுங்க" என்றால் ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் வேலைக்கு இறங்கிப் போகவேண்டியதுதான். இரண்டு தடவை அப்படி இறங்கினார். இரண்டாம் தடவை இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். ஒரு மேகம் இல்லாமல் உச்சி பளிச்சென்று நின்றது. முந்தின நாள் ஏறும்போதும் அப்படித்தான் நின்றது.

மூன்றாம் தடவை அவர் வந்த அன்று காற்றே இல்லை. மாசிக்குச் சம்பந்தமில்லாத புழுக்கம். கிழக்கு முகட்டில் வெள்ளையாக ஒரு மேகம் படுத்திருந்தது. மூடுபனி இறங்கும் என்று மாரப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"நில்லுங்க நாச்சிமுத்து. கண்டிப்பா நில்லுங்க."

நாச்சிமுத்து சிரித்தார். "ஏனுங்க, இன்னைக்கும் காத்துங்களா?"

"இன்னைக்கு நெசமாலுமேங்க. மூடப் போகுது."

"அப்ப அன்னைக்கு?"

மாரப்பன் வாயைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவமானமாக இருந்தது, சொல்லவில்லை. நாச்சிமுத்து தடியை ஊன்றிக்கொண்டு ஏறிப்போனார்.

பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட்டது. மாரப்பன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளியில் ஏறினார். கால் பழகிய தடம் என்பதால் போக முடிந்தது. தொண்டை கிழியக் கத்தினார்.

"நாச்சிமுத்தூ! இடது பக்கம் போகாதீங்க, பள்ளம்! எஞ்சத்தத்துக்கு வாங்க!"

கொஞ்ச நேரத்தில் பள்ளத்துப் பக்கம் கல் சரிகிற சத்தம் கேட்டது.

தடவித் தடவி இறங்கிக் கண்டுபிடித்தார். நாச்சிமுத்துவின் கால் முறிந்திருந்தது. உடம்பு ஐஸாகச் சில்லிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கம்பளியைப் போர்த்தி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க சத்தம் நல்லாக் கேட்டுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"கேட்டுதுங்களா? அப்புறம் ஏனுங்க?"

"போகாதீங்கன்னு நீங்க சொன்னதாலதான் அந்தப் பக்கம் போனேன்."

விடிகிற வரைக்கும் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மாரப்பன் அழுதார். அத்தனை நாள் குடிலில் கிடந்தபோதுகூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

காலையில் மூட்டம் கலைந்தது. ஏறி வந்தவர்கள் பார்த்துவிட்டு அடிவாரத்துக்கு ஓடினார்கள். உச்சிப்பொழுதில் அம்மை டோலிக்காரர்களோடு வந்தார். "உசுருக்குப் பயமில்ல, கால் கூடத்தான் நாளாகும்" என்றார்கள். நாச்சிமுத்து மாரப்பனைப் பார்க்காமலே போனார்.

குடிலில் குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள். மாரப்பன் எல்லாவற்றையும் சொன்னார். அம்மை அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று மாரப்பனுக்கு இருந்தது.

"ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"தனியா இருக்க முடியலைங்கம்மா. ஒரு ராத்திரி யாராச்சும் கூட இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

"அதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எதைங்கம்மா?"

"'மேலே நல்லாத்தான் இருக்குது, எனக்குத்தான் இங்க தனியா இருக்க முடியல, இன்னைக்கு எங்கூட இருந்துட்டுப் போங்க'ன்னு."

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அப்படிச் சொன்னா யாருங்கம்மா நிப்பாங்க? எல்லாரும் போயிருப்பாங்க."

"ஆமாண்ணா, போயிருப்பாங்க" என்றார் அம்மை. "நாச்சிமுத்துவும் போயிருப்பாரு. நல்லா வெயிலடிச்ச அன்னைக்கே போயி, விளக்கை வெச்சுட்டு வந்திருப்பாரு."