மாரிச்செல்வி யாருக்கு நன்றி சொல்வது?

கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் சொன்னவர்கள் பலர் முடிவில் தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே மூன்றாமாண்டு வேதியியல் படித்தவள் மாரிச்செல்வி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் தாய்க்கு ஒரே மகள். நான்கு பருவத் தேர்விலும் அவள்தான் முதல்.

ஐந்தாம் பருவத்தில் அவள் மாறிப்போனாள். மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஆய்வகத்தில் அமிலம் சொட்டும் பியூரெட் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தபடியே நிற்பாள். கீழே குடுவையில் நிறம் மாறி வெகுநேரம் ஆகியிருக்கும். பிறகு ஒரு வாரத்தில், பாடுபட்டு எழுதிய ரெக்கார்டு நோட்டுகளையும் தீபாவளிக்கு எடுத்த புதுச் சுடிதாரையும் ஜூனியர்களுக்குக் கொடுத்தாள். கேட்டவர்களிடம் "எனக்கு இனி எதுக்கு?" என்றாள்.

இதை மூன்று பேர் கவனித்தார்கள்.

முதலாவது, விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த எஸ்தர். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன ஒரு சாயங்காலம் மாரிச்செல்வி அவளிடம் சொன்னாள்.

"எனக்கு இருக்கவே பிடிக்கல எஸ்தர். உன்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன். யாருட்டயும் சொல்லிராத."

எஸ்தர் அறைக்கு இறங்கிவந்து பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து அவளை நிழலாகத் தொடர்ந்தாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். வேறு பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார வந்தால் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நூலகத்தை ஒட்டிய அறையில் நூர்ஜஹான் என்ற மனநல ஆலோசகர் அந்த ஆண்டுதான் வேலைக்கு வந்திருந்தார். எஸ்தர் ஒருநாள் அந்த வாசல்வரை போனாள். மாரி இந்த அம்மாவிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு நான் அவளுக்கு யார் என்று ஓர் எண்ணம் வந்தது. செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

இரண்டாவது, வகுப்புப் பொறுப்பாசிரியை கோதைநாயகி. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகள் அவரிடம்தான் வந்து அழுதார்கள். ஆலோசகர் வந்தபின் அந்தக் கூட்டம் நூலகத்துப் பக்கம் போய்விட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களைக் கண்டால் படிவம் எழுதி அன்றைக்கே ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருந்தார். கோதைநாயகி மாரிச்செல்வியின் பெயரைப் படிவத்தில் எழுதினார். எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"எம் பிள்ளையப் பத்தி நேத்து வந்தவங்களுக்கு என்ன தெரியும்?" என்று உடன் வேலை பார்த்தவரிடம் சொன்னார். மாரிச்செல்வியைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார், ஒரு மணி நேரம் ஆறுதல் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் "சரி மேடம்" என்றாள். அதில் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

மூன்றாவது, சங்கரேஸ்வரி. நான்கு பருவத்திலும் இரண்டாம் இடம். மதுரையில் நடக்கவிருந்த மாணவர் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கத் துறையிலிருந்து ஒருத்திதான் போகலாம். அந்த வாய்ப்பும் மாரிச்செல்விக்கே போயிற்று. சங்கரேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எங்கே தவறுவாள் என்று நெடுநாளாகவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆதலால், மற்றவர்களைவிட அதிகமாகவே பார்த்திருந்தாள். நேராக ஆலோசகர் அறைக்குள் போய் நின்றாள்.

"அவ சரியா இல்ல மேடம். அவள மதுரைக்கு அனுப்பக் கூடாது."

"மதுரை கிடக்கட்டும்மா. நீ பார்த்தத மட்டும் சொல்லு," என்றார் நூர்ஜஹான்.

எந்த நாள் சாப்பிடவில்லை, எதை யாருக்குக் கொடுத்தாள், கொடுக்கும்போது என்ன சொன்னாள் என்று சங்கரேஸ்வரி வரிசையாகச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நூர்ஜஹான் பாதியிலேயே எழுந்து மாரிச்செல்வி இருந்த ஆய்வகத்துக்கு நடந்தார். சாயங்காலத்துக்குள் தாயை வரவழைத்து, மாரிச்செல்வியை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் சேர்த்தார். அந்த வெள்ளிக்கிழமையோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள நினைத்திருந்ததாக அவள் மருத்துவரிடம் சொன்னாள். அன்று புதன்கிழமை.

மதுரைக்குச் சங்கரேஸ்வரி போனாள்.

இரண்டு மாதம் கழித்து மாரிச்செல்வி முகம் தெளிந்து கல்லூரிக்குத் திரும்பினாள். "உன்னக் காப்பாத்துனவங்க கையப் பிடிச்சு நன்றி சொல்லிட்டு வா" என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். தகவல் தந்தவர் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று ஆலோசகர் மறுத்துவிட்டார். ஆனால் மதுரைக்குப் போனது யார் என்று கல்லூரிக்கே தெரியும்.

"அவ உன் இடத்தப் பறிக்கத்தான் போனா. சத்தியத்தக் காப்பாத்துனது நான்," என்று எஸ்தர் அழுதாள்.

"நான் கவனிக்காம இல்லம்மா. உன் பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான் என்னோட வச்சுக்கிட்டேன்," என்றார் கோதைநாயகி.

சங்கரேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. "நாந்தான் சொன்னேன். உனக்காகச் சொல்லல, மதுரைக்காகச் சொன்னேன்," என்றாள்.

மாரிச்செல்வி யார் கையைப் பிடிக்க வேண்டும்? இந்த மூவரில் யார் செய்தது சரி? நீங்களே சொல்லுங்கள்.

விடை: சரியாகச் செய்தவள் சங்கரேஸ்வரிதான். அவள் மனம் நல்லதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை வேறு. பொறாமை மூவருக்குமே இருந்தது. எஸ்தருக்கு அன்பும் இருந்தது, ஆனால் உயிர் போகும் விஷயத்தில் கொடுத்த வாக்கை மீறுவது பாவமில்லை என்று இருபது வயதுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோதைநாயகிக்கோ என்ன செய்ய வேண்டும் என்பது சுற்றறிக்கையாக எழுத்திலேயே வந்திருந்தது. ஆகவே குற்றம் அவருடையதுதான் பெரிது. மாரிச்செல்வி சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்தாள். அவள் உருவிக்கொள்ளப் பார்த்தாள், இவள் விடவில்லை. தள்ளி நின்று பார்த்த எஸ்தருக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.