கீழே நிற்பவர்

மனைவி பிரமுவைப் பறிகொடுத்த பிறகு ஆவுடையப்பன் சொந்த வீட்டை விற்றுவிட்டு, தென்காசிப் பக்கம் ஒரு சிறு மடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார். மடத்துச் சாமிக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் குரு குருதான்.

சாரல் மழை தொடங்குவதற்குள் ஒரு வீடு வாங்கிவிட நினைத்தார். போன இடமெல்லாம் நொட்டைதான். ஒரு வீட்டில் கூரை தாங்கும் கைமரத்தைத் தட்டினால் பொக்கென்று கேட்டது, உள்ளே கரையான். இன்னொன்றில் ஓடு தாங்கும் ரீப்பர்களை எட்ட எட்ட அடித்திருந்தார்கள். இரும்புச் சட்டம் போட்ட வீட்டில் துரு. மனிதர் கூரையைத்தான் பார்த்தார். அடுப்பங்கரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு வீடு அகப்பட்டது. தேக்குக் கைமரம், நெருக்கமான ரீப்பர். சாயங்காலத்துக்குள் சரி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்போதும் மனம் துணியாமல் சாமியை அழைத்துப் போனார்.

“மரமெல்லாம் திடமா இருக்கு சாமி. ஒழுகுமோன்னுதான் பயம்.”

“தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?”

“அதுக்கு ரெண்டு ஆளு வேணுமே. ஒருத்தர் மேல ஊத்தணும், ஒருத்தர் கீழ நின்னு சொல்லணும். எங்க வீட்ல வருஷா வருஷம் அப்படித்தான் பாப்போம்.”

“நான் கீழ நிக்கேன். ஏறுங்க.”

ஏணி வைத்து ஏறினார். கிணற்று மோட்டாரிலிருந்து ஓஸ் குழாயை இழுத்து, முகட்டிலிருந்து ஓட்டின்மேல் தண்ணீரை விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து குரல் கொடுத்தார்.

“ஏ பிரமு, ஒழுகுதா?”

பதில் இல்லை. குழாயை நகர்த்தினார்.

“பிரமு, இந்தப் பக்கம் பாரு. ஒழுகுதா?”

அதற்கும் பதில் இல்லை. எரிச்சலோடு இறங்கி உள்ளே வந்தார். கூடத்தில் சாமி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். தோளெல்லாம் ஈரம்.

“இவ்வளவு ஒழுகியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சாமி? தொண்டை கிழியக் கத்துனேனே!”

“பிரமுவைக் கேட்டீங்க. அவங்க சொல்லுவாங்களான்னு நானும் காத்துக்கிட்டு நின்னேன்.”

ஆவுடையப்பனுக்குத் தான் கூப்பிட்ட பேர் அப்போதுதான் காதில் விழுந்தது. ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார். துக்க வீட்டில் வராத அழுகை இப்போது வந்தது. சாமி தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் ஆவுடையப்பன் கேட்டார்.

“ஒரு ஓடு மாத்துனா ஒழுகல் நின்னுரும். எனக்கும் தெரியும். ஆனா அவ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிப் போய் இருக்க சாமி?”

சாமி ஏணியைக் காட்டினார்.

“மறுபடி ஏறுங்க. தண்ணி விடுங்க. இந்தத் தடவை, கீழ யார் நிக்காங்களோ அவரைக் கூப்பிடுங்க.”