வைக்கோல் ஆளைக் கொன்றவனுக்கு எத்தனை வருஷம்?

மழை பெய்தால் குளம் நனைந்துவிடும் என்று குடை பிடிக்கிற ஊர் மந்தப்பட்டி. அங்கே ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சடையன் கொல்லைக்குப் போனான். சோளத்துக்கு நடுவே ஒருத்தன் நின்றான். "யாருடா அது?" என்றான். பதிலே இல்லை. கம்பால் ஒரு போடு போட்டான். ஆள் விழுந்தான். எழவே இல்லை.

"ஒச்சாயி, உன் புருஷன் கொலைகாரனாயிட்டேன்டி!" என்று வீட்டுக்கு வந்து அழுதான்.

ஒச்சாயி ஓடிப்போய்ப் பார்த்தாள். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, சுண்ணாம்புக் கண். கொல்லைப் பொம்மைதான். ஆனாலும் மூச்சு இல்லையே! அவளும் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஊரின் மூன்று நாட்டாமைகளும் பிணத்தை நடுவில் கிடத்திவைத்துக் கூடினார்கள். பெரியவர் தாண்டவராயர் தொண்டையைச் செருமினார்.

"கொலைக்கு ஆயுள் தண்டனை. ஆனா குறைஞ்சது எத்தனை வருஷம் உள்ளே இருந்தா விடுதலையைப் பத்திப் பேசலாம்னு நாமதான் சொல்லணும். பதினைஞ்சுல ஆரம்பி, கொடுமைக்கு ஏத்து, வருத்தப்பட்டா இறக்குன்னு ராஜா உத்தரவு."

"செத்தவன் கையில ஆயுதம் இருந்துச்சா?" என்றார் நடு நாட்டாமை.

"இல்லீங்க. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான்" என்றான் சடையன்.

"அடப்பாவி! கட்டிப்பிடிக்க வந்தவனையா? ஏத்து அஞ்சு."

"மண்டை சுக்குநூறாயிருக்கு. இன்னொரு அஞ்சு."

சின்ன நாட்டாமை பிணத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணே, இது உங்க பழைய சட்டையில்ல?"

தாண்டவராயர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அப்போ செத்தது நாட்டாமை! ஏத்து பத்து!"

சடையன் குலுங்கிக் குலுங்கி அழுததற்கு அஞ்சு இறக்கினார்கள். ஆக முப்பது.

இடுப்பில் குழந்தையோடு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள் ஒச்சாயி. ஆம்பிளைங்க நடுவே அவள் வாயே திறந்ததில்லை. இருந்தாலும் தூணைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவருக்கு நாள்பட்ட இருமலுங்க. அத்தனை வருஷம் தாங்க மாட்டாரு. நடுவுல செத்துட்டா?"

சபை வெலவெலத்துப் போயிற்று. "முப்பது முடியாமச் செத்தா உத்தரவை மீறினதாயிடுமே! ராஜா நம்ம தோலை உரிச்சிடுவாரே!"

வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் சின்னவர் சொன்னார்: "முன்னாடியே முடியணும்னா முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். முப்பது வருஷத்துக்கு முந்தியே உள்ளே போனான்னு தீர்ப்புச் சொல்லிடுவோம்."

சொன்னார்கள். தண்டனை அன்று காலையோடு முடிந்திருந்தது. விடுதலையும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் நடு நாட்டாமைக்கு உறைத்தது. "ஏண்ணே, முப்பது வருஷமா உள்ளே இருந்தவன், முந்தாநேத்து... சேச்சே, நேத்து எப்படிக் கொலை பண்ணியிருப்பான்?"

மூன்று பேரும் எழுந்து சடையனைக் கும்பிட்டார்கள். "மன்னிச்சுடுப்பா. ஒரு பாவமும் அறியாத உன்னைப் போட்டு அடைச்சுட்டோம்."

"ஐயோ, என் வாலிபமெல்லாம் போச்சே!" என்று சடையன் தரையில் புரண்டான்.

ஒச்சாயி அவன் கண்ணைத் துடைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். "ஜெயில்ல துரும்பா இளைச்சுட்டீங்களே" என்றாள். பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "இவருதான்டா உங்க அப்பா. நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே உள்ளே போனவரு. வந்து கும்பிட்டுக்குங்க."

சடையன் பெரியவன் முகத்தைப் பார்த்தான். நடுவுள்ளவளைப் பார்த்தான். இடுப்புக் குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"அடியே, நான் இல்லாமலே எல்லாம் அச்சு அசலா என்னைப் போலவே பொறந்திருக்குதுங்களே!" என்று பூரித்துப் போனான்.